கடல் இல்லாத கலங்கரை விளக்கம்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கே நான் நலம். நீயும் மகளும் மாப்பிள்ளையும், புதிதாக வந்திருக்கும் குட்டி ராணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சாப்பிட்டீங்களா என்று நீ கேட்பாய், சாப்பிட்டேன் என்று நான் சொல்வேன், அதற்குள் குழந்தை அழுதுவிடும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. குளியலறைக் குழாயைக் கழற்றி மாட்டினேன், பிறகு மறுபடியும் கழற்றி மாட்டினேன். அது முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்தது. கீழ் வீட்டு டீச்சர் படியில் பார்த்து, "மேல நடந்துட்டே இருக்கற சத்தம் கேக்குதே சார், உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றார். இருப்புக்கொள்ளவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? டாக்டர் நடக்கச் சொன்னார் என்று சொல்லிவைத்தேன்.

அதற்குப் பிறகுதான் பஸ் ஏற ஆரம்பித்தேன். சிரிக்காதே. கடைத்தெருவுக்குக் கூப்பிட்டாலே காலை நீட்டிப் படுக்கிற மனுஷனா என்று கேட்பாய். சலூன்காரர்தான் கிளப்பிவிட்டார். கூட்டம் போகும் இடத்துக்கெல்லாம் போகாதீர்கள், யாரும் எட்டிப் பார்க்காத பழைய இடங்கள் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ இருக்கின்றன என்றார். முதலில் ஆறு இல்லாத பாலத்துக்குப் போனேன். ஆறு எந்தக் காலத்திலோ வேறு பக்கம் திரும்பிவிட்டது. பாலம் மட்டும் வளைவு வளைவாக வயலுக்கு நடுவில் நிற்கிறது. மேலே தானியம் காயப்போட்டிருந்தார்கள். ஓரமாக நடந்து அக்கரைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அடுத்து, தபால் குதிரைகள் நின்ற லாயம். இப்போது அது சைக்கிள் கடை. குதிரையைக் கட்டிய இரும்பு வளையங்களில் டியூப் தொங்குகிறது. ஏதோ அளக்க வந்த அதிகாரி என்று நினைத்து, கடைக்காரர் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் எந்த இடத்திலும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. பார்த்து முடிப்பதற்குள் மனம் அடுத்த பஸ்ஸைத் தேட ஆரம்பித்துவிடுகிறது.

போன வாரம் கலங்கரை விளக்கம். கடல் பின்வாங்கிப் போய்விட்டதால் அது முள்காட்டுக்குள் தனியாக நிற்கிறது. எதிரே ஒரு டீக்கடை. சாவி அந்தக் கடைக்காரரிடம்தான். திறந்துவிட்டார், ஏறினேன். உச்சியில் நின்றால் கடல் ஒரு கோடு போலத் தெரிகிறது. உனக்குக் காட்டலாம் என்று போட்டோ எடுத்துத் தள்ளியதில் போன் அணைந்துபோனது. இறங்கி வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. நான் மேலே இருப்பதையே மறந்து மனுஷன் பூட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார்.

தட்டினேன், கத்தினேன். அவருடைய மனைவி ஓடி வந்தார். "ஐயோ, சாவி அவர் இடுப்புலயே போயிருச்சே. பயப்படாதீங்கண்ணே, ஆள் அனுப்பறேன்" என்றார். பயமா, எனக்கா? லிஃப்ட் மெக்கானிக்காக ஆயுசு முழுக்க, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தவன் நான். அவர்கள் யாரும் கதவு எப்போது திறக்கும் என்று கேட்க மாட்டார்கள். "அண்ணே, இருக்கீங்களா?" என்றுதான் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வேலை செய்ய விடுகிறார்களா என்று எரிச்சலாக வரும். அன்றைக்குக் கொஞ்ச நேரம் வெளியே சத்தமில்லாமல் போனதும் நானே கேட்டேன்: "அம்மா, இருக்கீங்களா?"

இங்கேதான் இருக்கிறேன் என்றவர், வீட்டில் தேடுவார்களே, நம்பர் சொல்லுங்கள், தகவல் சொல்லிவிடுகிறேன் என்றார். உன் நம்பர், மகள் நம்பர் எல்லாம் அணைந்துபோன போனுக்குள் இருக்கிறது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் பழைய போன் நம்பர் ஒன்றுதான். அதையே சொன்னேன்.

"அடிச்சுட்டே இருக்குண்ணே, யாரும் எடுக்கலையே" என்றார்.

"எடுப்பாங்கம்மா. வேலையா இருப்பாங்க" என்றேன்.

பாவம், அவர் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தார். போதும் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் கடைக்காரர் வந்து திறந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டு, டீ கொடுத்து, பால் வண்டியில் ஏற்றி அனுப்பினார். இருட்டுப் படியில் கொஞ்சம் சறுக்கியதில் முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். மகளிடம் சொல்லாதே. வீட்டுக்கு வந்ததும் கூடத்து போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வேலை செய்கிறது.

பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு ஓடி வா என்று நான் சொல்லவில்லை. அவள் எழுந்து நடமாடட்டும், குட்டி ராணிக்குக் கழுத்து நிற்கட்டும். இன்னும் இரண்டு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று நீ சொன்னதற்கு நானும் சரி என்றுதானே சொன்னேன். இப்போதும் சரிதான்.

மாப்பிள்ளையிடம் கேட்டு, திரும்பி வரும் தேதியை மட்டும் எழுது. எவ்வளவு தள்ளிப் போனாலும் பரவாயில்லை. தேதி என்று ஒன்று தெரிந்துவிட்டால் வீட்டிலேயே இருந்துவிடுவேன்.

குழந்தை நூறு வயசு வாழட்டும். அவளைத் தூக்கும்போது ஒரு தடவை என் பெயரையும் அவள் காதில் சொல்லிவை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்