பிரமாணப் பத்திரத்தில் நான்காம் பத்தி

மார்ச் 4, செவ்வாய்

தம்பி மனைவியின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. குழந்தைக்கு மாதாமாதம் ஜீவனாம்சம் வேண்டுமாம். என்ன துணிச்சல்! "இது உங்க பிள்ளையே இல்ல" என்று சென்ற ஆண்டு இதே கூடத்தில் நின்று சொல்லிவிட்டுத்தானே ஐந்து வயதுப் பெண்ணை இழுத்துக்கொண்டு வெளியேறினாள்? தம்பி செய்துகொண்ட ரத்தப் பரிசோதனையும் அதையே சொல்லிற்று. யார் பிள்ளைக்கு யார் படியளப்பது?

நோட்டீஸைப் படித்துவிட்டுத் தம்பி கேட்கிறான்: "குட்டிக்கு இப்ப பல்லு விழ ஆரம்பிச்சிருக்குமாக்கா?"

தலையில் அடித்துக்கொண்டேன்.

மார்ச் 7

வக்கீலம்மாவுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது.

"கல்யாண பந்தம் இருக்கும்போது பிறந்த குழந்தைக்குப் புருஷன்தாம்மா சட்டப்படி அப்பா. நீங்களா எடுத்த டெஸ்ட்டைக் கோர்ட் கண்டுக்காது."

"அப்ப உண்மைக்கு என்ன மரியாதை?"

"குழந்தை தரிச்ச சமயத்துல ரெண்டு பேரும் சேர்ந்து இல்லைன்னு காட்டணும். அது ஒண்ணுதான் வழி. நீங்க வீட்டுக்காரம்மா, பெரியவங்க. நீங்க சொன்னா எடுபடும்."

மார்ச் 8

இந்தச் சட்டத்தை எழுதியவன் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கிறான்.

மார்ச் 19

என் பிரமாணப் பத்திரம் தட்டச்சாகி வந்தது. ஒற்றுப்பிழைகள் ஒன்பது; திருத்தினேன். நான்காம் பத்தி: 'மேற்படி குழந்தை தரித்த ஆண்டு முழுவதும் என் தம்பி வேலை நிமித்தம் வெளியூரில் தங்கியிருந்தார்.'

எங்கே தங்கியிருந்தான்? அந்த ஆண்டுதான் எனக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையை ஐந்து மணிக்கே பூட்டிவிட்டு ஓடி வருவான். இருவரும் மாடியிலிருந்து மாறி மாறி இறங்கிவந்து என்னைப் புரட்டிப் படுக்க வைத்தார்கள். ஆம், அவளும்தான்.

தொலைபேசியில் வக்கீலம்மாவிடம் சொன்னேன்.

"ஒரு வரிதானேம்மா?"

"கையெழுத்து என்னோடதாச்சே!"

"உங்களுக்கு ஜெயிக்கணுமா, வேண்டாமா?"

ஜெயிக்கத்தான் வேண்டும். ஜெயிக்காமல் பின்னே? ஆனாலும் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்லாதே என்று கான்வென்ட் சிஸ்டர்கள் முழங்காலில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தது, இந்த வயதில் வந்து காலை வாருகிறது.

மே 12

சாட்சிக் கூண்டு. அவளுடைய வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அந்த வருஷம் உங்க தம்பியும் அவர் மனைவியும் எங்க இருந்தாங்க?"

"எங்க வீட்டு மாடியில."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான்."

என் வாயாலேயே என் தம்பியைக் கட்டிப்போட்டேன். பேருந்தில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துத் தந்தான்.

"கோபமாடா?"

"இல்லக்கா." முகத்தில் வருத்தத்தின் சுவடே இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது. சண்டை போடத் தெரியாதவனுக்காக நான் ஏன் வரிந்துகட்டினேன்?

ஜூலை 2

தீர்ப்பு. தம்பிதான் தகப்பன். மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். ஞாயிறுதோறும் குழந்தையை அழைத்துவரலாம்.

தோற்றவன் சிரித்துக்கொண்டே வீடு திரும்புகிறான்!

ஜூலை 6, ஞாயிறு

வந்தது. நான் அறையை விட்டு வெளியே வரவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தம்பி கடைக்குப் போன நேரத்தில் குழந்தை கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டது. வீடே அதிர ஓர் அலறல். தெருமுனை மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று, இந்த இடுப்போடு.

சீட்டு எழுதிய நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பாட்டியா?" என்றாள்.

"பாட்டியா! யாரைப் பார்த்து? நான் அத்தை. இவ அப்பாவோட கூடப்பிறந்த அக்கா."

அப்படியே எழுதிக்கொண்டாள். பிழையில்லாமல் எழுதுகிறாளா என்று எட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தாள்.