விழவில்லை, இறங்கினேன்

அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, சாப்பாடும் நேரத்துக்கு நடக்கிறது.

நான் எடிட் செய்யும் படத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, தோழிகள் பார்க்கட்டும் என்று ஸ்கூட்டர் ஓட்டிப் போய்ச் செடிவேலியில் விழுகிறாள். சென்ற வாரம் முப்பது பேருக்குப் போட்டுக் காட்டினோம். ஒருவரும் சிரிக்கவில்லை. "அடுத்த தடவையும் இப்படின்னா வேற எடிட்டரைப் பாத்துக்கறேன்" என்றார் டைரக்டர். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, அவர் எல்லோரிடமும் அப்படித்தான்.

அவள் விழுந்ததுமே நான் காட்சியை வெட்டியிருந்தேன். வெட்டிய துண்டில், தோழிகள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் எழுந்து பூப்பறிக்கத்தான் வந்தவள்போல ஒரு பூவைப் பறிக்கிறாள். எனக்கு என் சைக்கிள் ஞாபகம் வந்தது. முட்டியில் ரத்தம் ஒழுக, "நான் விழல, இறங்கினேன்" என்றேன் உன்னிடம். நீ முகம் மாறாமல் மருந்து போட்டுவிட்டு, சமையலறைக்குள் போய்ச் சிரித்தாய். எனக்குக் கேட்டது.

அந்தத் துண்டைச் சேர்த்தேன். நேற்று அரங்கமே சிரித்தது. "விழறதுல ஒண்ணும் இல்ல சார், விழலன்னு சாதிக்கிறதுலதான் இருக்கு" என்று டைரக்டரிடம் சொன்னேன். அவர் அடுத்த படத்தையும் என்னிடமே கொடுத்துவிட்டார். அதனால் இந்த வருஷமும் ஊருக்கு வர முடியாது.

சட்டைப் பொத்தான் தைத்தபின் கடைசி முடிச்சை எப்படிப் போடுவது? போனில் சொல்லாதே, எழுதி அனுப்பு. இரண்டு பக்கம் ஆனாலும் பரவாயில்லை. டைரக்டர் கூப்பிடுகிறார், போகிறேன்.

உன் மகன்