வாளியில் கிடந்த கல்

அன்புள்ள மெஹர்பானு, அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நலம். கடலுக்கு இந்தப் பக்கம், லிங்கித் தோட்டத்தில் மழை விடவில்லை. எழுத உட்கார்ந்தால் எழுந்து எழுந்து வாசலைப் பார்க்கிறேன்.

நம் வீட்டு வழக்கப்படி, கத்தி தீட்டும் மணற்கல்லை நான் வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடையிலும் எப்போதும் வாளித் தண்ணீரிலேயே போட்டு வைத்திருந்தேன். நேற்று தீட்டும்போது கையிலேயே இரண்டாக உடைந்துவிட்டது. உள்ளங்கையில் சின்னக் கீறல், அவ்வளவுதான். முதலாளி மகள் ஃபர்சானா கல், மண் பற்றிப் படிக்கிறவள். உடைந்த துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மணலுக்கு ஒன்னும் ஆவலண்ணே. மணலையும் மணலையும் ஒட்டி வெச்சிருக்கிற களிமண்ணுக்குள்ள தண்ணி பூந்து இளக்கிருச்சி. வெளிய பாத்தா தெரியாது லா."

அதிலிருந்து முழுசாக இருக்கிற எதைப் பார்த்தாலும் தட்டிப் பார்க்கத் தோன்றுகிறது.

இந்தக் கடிதத்தோடு ஊருக்கு வரும் காதர் மைதீன் காக்கா வாசலில் காரில் காத்திருக்கிறார். அவர் திரும்பும்போது கத்தி தீட்ட ஒரு கல்லும் நான் உடுத்த இரண்டு சாரமும் கொடுத்துவிடு.

இன்னொன்று. போனில் "நல்லாருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே சத்தமில்லாமல் அழுகிறாய். எனக்குத் தெரியும். இனிமேல் சத்தமாகவே அழு, மெஹர். கடை இரைச்சலிலும் எனக்குக் கேட்கட்டும்.

உன் ஸைத்