லீவு போட்டவனுக்கு மாற்று ஆள்

கமலம்,

நீ ஊறவைத்திருந்த நீலச் சேலையில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டேன். வார்டுத் துணி துவைத்துப் பழகிய கை, வீடென்று பார்க்கவில்லை. இப்போது அது நீலமுமில்லை, வெள்ளையுமில்லை. என் உத்தியோகம் மாதிரி.

நர்சிங் ஹோம் வாட்ச்மேன் பச்சையப்பன் கூப்பிட வந்து நிற்கிறார். எவனோ லீவு போட்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டானாம். பெட்பான் எடுக்க நான். நாலு வருஷமாக இதே பேஜார். பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்குப் பார்த்திருக்கும் களம்பூர் மில் வேலை பற்றிப் பேச உன் அண்ணன் சாயங்காலம் வருவார். குழம்பு இருக்கிறது, அப்பளம் மட்டும் பொரி. நேற்று அதற்காக உன்னிடம் கத்தியது தப்புதான். ஆனாலும் எனக்கு இங்கேயே பர்மனென்ட் ஆகிவிடும் என்று அவரிடம் சொல்.

துரைக்கண்ணு

பி.கு. பச்சையப்பனை மடக்கிக் கேட்டேன்: "என்னை பர்மனென்ட் பண்ணுவாங்களா, மாட்டாங்களா?"

"மாட்டாங்கப்பா. பண்ணா நீயும் லீவு கேப்பியாம். டாக்டரே சொன்னாரு."