தலைப்பிரசவத்துக்கு வராதே

சேர்வராயன் துணை

தலைச்சோலை
22-1-1979

பம்பாயில் இருக்கும் என் மகள் ராசம்மாளுக்கு, அம்மா பழனியம்மாள் சொல்லச் சொல்ல, கடைக்கார இஸ்மாயில் பாய் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். எங்கள் சுகத்தைக் கேட்காதே கண்ணு.

தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போக அப்பா வருவார் என்று பெட்டி கட்டி வைத்திருப்பாய். அவிழ்த்துவிடு. அப்பா வர மாட்டார். நீயும் வராதே. பெற்றவள் வாயில் வருகிற பேச்சா இது என்று உன் மாமியார் காறித் துப்பட்டும், துடைத்துக்கொள்கிறேன்.

எஸ்டேட்டில் அப்பா களைப்புல் கருக மருந்து அடித்தாரே, அது புல்லோடு நிற்கவில்லை. ஓடைத் தண்ணீர் குடித்த ஆடுகள் செத்த குட்டிகளாகப் போட்டன. அப்பா முதுகெல்லாம் கொப்புளம். மருந்து தீர்ந்த பீப்பாய்களை, எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் கோவிந்தராஜ், கூலிக்காரர்களுக்கு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். எங்கள் லைன் வீட்டு ஆட்கள் எல்லோரும் அடித்துப் பிடித்து வாங்கினோம். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, குடிக்கவும் குளிக்கவும் அதில்தான் மழைத்தண்ணீர் பிடித்தோம். வியட்நாம் சண்டையில் காட்டை மொட்டையடிக்க விமானத்திலிருந்து ஊற்றினார்களே, அந்தச் சாதி மருந்துதான் இது, அங்கே பிள்ளைகள் உருக்குலைந்து பிறக்கின்றன என்று பாய் பத்திரிகையில் படித்துச் சொன்னார். "ஏனுங்க பாய், நம்ம மேல யாருங்க சண்டைக்கு வந்தாங்க" என்று சிரித்தோம்.

மார்கழியில் பக்கத்து வீட்டுக் காளியாயிக்குப் பிள்ளை பிறந்தது. மேலண்ணம் இல்லை, ஒரு கை இல்லை. அவள் மாமியார், "இது புள்ளையில்ல, பேயி. மாரு குடுத்தா ஊடே அழிஞ்சு போயிரும்" என்று அவளை உள்ளே தள்ளித் தாழ் போட்டாள். பிள்ளையைச் சாக்கில் சுருட்டி மாட்டுக் கொட்டகையில் எறிந்தாள். அது கத்தியது கண்ணு. காளியாயி கதவில் முட்டி முட்டி நெற்றி பிளந்துபோனது. நான் பிடுங்கப் போனேன், உலக்கையால் என் தோளில் போட்டாள் கிழவி. கொண்டையைப் பிடித்து அவளைக் கீழே தள்ளிவிட்டுச் சாக்கை எடுப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

இங்கே பாய் பேனாவை வைத்துவிட்டார். "எழுதுங்க பாய், அழுவுறத அப்புறம் வச்சுக்குங்க" என்று அதட்டினேன்.

மறுநாள் அப்பா கோடாலியோடு போய், மருந்தடிக்கிற மிஷின் அத்தனையையும் வெட்டிப் போட்டார். "புல்லு மருந்துக்கும் புள்ளைக்கும் என்னய்யா சம்பந்தம்" என்று தடுக்க வந்த கோவிந்தராஜுக்கு முழங்கை உடைந்தது. போலீஸ்காரர்கள் அப்பாவின் பல்லைத் தட்டி, ரத்தம் ஒழுக ஒழுக ஜீப்பில் ஏற்றினார்கள். இப்போது சேலம் ஜெயிலில் இருக்கிறார். எனக்கு வெட்கமில்லை. அந்தக் கோடாலி இன்னும் கொஞ்சம் மேலே இறங்கியிருக்கலாம் என்றுதான் வயிறு எரிகிறது. தை பிறந்ததும் புதுப் பீப்பாய்கள் லாரியில் வந்து இறங்கிவிட்டன.

அதனால் அங்கேயே ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொள். ஆடி அழைப்புக்கு வந்து மாதம் முழுக்க இங்கே இந்தப் பீப்பாய்த் தண்ணீரைத்தான் குடித்தாய், அப்போதே முழுகாமல் இருந்தாய். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ நினைக்காதே.

மகராசியாக இரு. வலி எடுத்தால் மாப்பிள்ளை பக்கத்தைவிட்டு நகரக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல். பிள்ளையைத் துணி விலக்கி முதலில் நீதான் பார்க்க வேண்டும். உன் மாமியார் கையில் கொடுத்துவிடாதே. அது எப்படி வந்திருந்தாலும் சரி சாமி, மாரோடு அணைத்துப் பால் கொடு.

உன் அம்மா
பழனியம்மாள்