ஒரு சாண் குறைந்த படுதா

சூசையம்மா இன்றைக்கு நம் ஜன்னல் படுதாவைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பிரித்து மாட்டினேன். வடித்த கஞ்சியும் வெயிலும் கலந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. எதிர்வீட்டுக்காரியை வேலை வாங்குகிறேன் என்று நீ அடுப்படியிலிருந்து திட்டப்போகிறாய் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். இந்த ஐப்பசி வந்தால் நீ போய் இரண்டு வருடம். காதுக்கு அது இன்னும் தெரியவில்லை.

"அண்ணே, கீழ ஒரு சாண் தெரியுதே. அந்த ஒட்டுத் துணி பெட்டியிலதான கெடக்கு? குடுங்க, தச்சுத் தரேன். ஒண்டியா கெடக்குற மனுஷன், நீங்க சோத்தைக் கருக்குறதெல்லாம் தெருவுக்குத் தெரியணுமா?" என்றாள்.

"கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே மூக்குக்குத் தெரிஞ்சுபோவுதே, அதுக்கு என்ன தைப்ப?" என்றேன்.

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். ஒட்டுத் துணியை நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

அந்த ஜன்னல் வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. அரியலூரில் ஒரு பழைய பங்களாவை இடித்தார்கள். கல் ஏற்றப் போன என் வண்டியில், வேண்டுமென்றால் எடுத்துக்கொள் என்று அதையும் தூக்கிவைத்தார்கள். வெறும் சட்டமும் கம்பியும்தான். கதவுகளை யாரோ முன்னமே கொண்டுபோயிருந்தார்கள். நம் வாசற்கதவை விட உயரம், அதைப்போல் இரண்டு பங்கு அகலம். நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாய்.

"இது வூட்டுக்கு ஜன்னலா, இல்ல இந்த ஜன்னலுக்குன்னு ஒரு வூடு கட்டப்போறீங்களா?"

மூன்று பக்கமும் மாட்டுக் கொட்டிலும் பங்காளி சுவரும் அடுப்படியும் இருந்தன. மிச்சம் தெருவைப் பார்த்த மேற்குச் சுவர். கூரை தாழ்வு என்பதால் ஜன்னலைத் தரையை ஒட்டி இறக்கி வைத்தோம். ஊரே சிரித்தது. ஆனால் பாயில் உட்கார்ந்தபடியே தெருவில் போகிற அத்தனை பேரையும் நிறுத்தி வம்பளக்க உனக்கு வசதியாகப் போயிற்று. திருமானூர்ச் சந்தைக்குப் போகிறவர்கள் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

அப்புறம் அம்மை வந்தது. உயிரை விட்டுவிட்டுக் கண்ணைப் பிடித்துக்கொண்டது. இடது கண்ணில் பூ விழுந்தது. வலது கண்ணில் வெளிச்சம் பட்டாலே ஊசி குத்துகிறது என்றாய். மத்தியானம் திரும்பினால் மேற்கு வெயில் அத்தனையும் நம் வீட்டுக்குள்தான். நீ பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படி இருட்டுக்குப் போனாய். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஆளைக் காணோமென்று போய்விட்டார்கள். வாய் ஓயாத நீ 'உம்' என்றும் 'சரி' என்றும் பேச ஆரம்பித்தாய். உன் கண் போய்விடுமோ என்று எல்லோரும் பயந்தார்கள். உன் பேச்சு போய்விடுமோ என்று நான் பயந்தேன். உன்னை அந்தப் பாய்க்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

முதலில் நெல் சாக்குகளைப் பிரித்துத் தொங்கவிட்டேன். காற்றடித்தால் தூசி, நீ இருபது தும்மல் தும்மினாய். நாலாம் நாள் நம் செவலைக் காளை தெருவில் நின்றபடி கம்பிக்குள் வாயை விட்டு ஒரு சாக்கை இழுத்து மென்றுகொண்டிருந்தது. "உங்களுக்குத்தான் புத்தி இல்ல, மாட்டுக்காவது இருக்கே" என்றாய். அம்மை இறங்கிய பிறகு நீ அடித்த முதல் கேலி அது. சாக்கு போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

பிறகு வெட்டிவேர்த் தட்டி. வாசனை நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவு பெரிய தட்டி தண்ணீர் தெளித்ததும் பாரம் தாங்காமல் நடுவில் தொப்பை போட்டுத் தொங்கிற்று. அதற்குப் பிறகு தென்னங்கீற்று. அது வெயிலோடு தெருவையும் சேர்த்து அடைத்துவிட்டது.

"இருட்டுலதான் ஒக்காரணும்னா, அடுப்படி இருட்டே போதுங்க. அதுவாவது பழகுன இருட்டு."

துணிதான் சரி என்று தெரிந்தது. ஆனால் அது கண்ட்ரோல் காலம். உடுத்துவதற்கே அட்டைக்கு இத்தனை கெஜம் என்று அளந்து கொடுத்தார்கள். ஜன்னலுக்குத் துணி என்றால் அடிக்க வருவார்கள். ஜெயங்கொண்டம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு நெசவுக்காரர் இருந்தார். தடித்த நூலில், கருநீலத்தில் நெய்து தந்தார். நீலம் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று அவரே சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: "இது கஞ்சி குடிச்ச துணி. ஒரு ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு, காஞ்சப்புறம் அளந்து வெட்டு."

எனக்கு அவசரம். மாதா கோயில் தேர் தெருவில் வருவதற்குள் நீ ஜன்னலுக்கு வந்தாக வேண்டும். ஊறவைக்காமலே அளந்து வெட்டினேன். வெட்டிய மூன்று துண்டுகளையும் பக்கத்தில் பக்கமாக ஒட்டி நீ தடவித் தடவித் தைத்தாய். மாட்டியபோது தரையைத் தொட்டது. அறைக்குள் குளத்துக்கு அடியில் இருப்பதுபோல் ஒரு நீல வெளிச்சம். நீ பாயை விரித்து உட்கார்ந்தாய். கண் கூசவில்லை. ஆனால் தேர் போனபோது சத்தத்தைத்தான் கேட்டாய்.

திருவிழாப் புழுதி போகட்டும் என்று நானே ஏரியில் போட்டுத் துவைத்தேன். மாட்டினால் ஒரு சாணைக் காணோம்! நான் கீழே இழுத்துப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். மறுநாளே நெசவுக்காரரிடம் ஓடி, அவர் திட்டியதையும் வாங்கிக்கொண்டு, ஒட்டுப்போடத் துணியோடு வந்தேன். நீ பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அத பெட்டியில வைங்க. சூசையம்மா இப்பத்தான் போறா. மெட்டி ஒண்ணு தேஞ்சிருக்கு, பாத்தீங்களா?"

படுதாவை விலக்கி மூஞ்சியைப் பார்க்க நிமிர்ந்தால் கண் கூசியது. காலைப் பார்த்தால் கூசவில்லை. அந்த ஒரு சாணில் ஊர் முழுவதும் உனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. புதுச் செருப்பா, எந்த ஊருக்கு என்பாய். நாற்றங்காலிலிருந்து வருகிறவளிடம் சேறு காய்வதற்குள் கழுவு என்பாய். "நான் யாருன்னு சொல்லு பாப்போம்" என்று ஜன்னலோரம் காலைக் காட்டிவிட்டுப் போவதே தெருவுக்கு ஒரு விளையாட்டாயிற்று.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? ஒரு சாயங்காலம் தபால்காரரின் செருப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, அவரைப் போலவே இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தேன்.

உள்ளேயிருந்து உன் குரல் கேட்டது: "வாங்க தபால்காரரே! எங்க வூட்டுக்காரரோட நகமில்லாத கட்டைவெரலு உங்க கால்ல எப்படி வந்து ஒட்டிக்கிச்சு?"

வண்டிச் சக்கரம் ஏறிப் பிடுங்கிய நகம் அது. அதை மறந்துவிட்டேன். அன்றிலிருந்து தினம் ஒரு நடை நடந்தேன். ஒருநாளும் நீ ஏமாறவில்லை.

ஐப்பசிக் காய்ச்சலில் நீ அதே பாயில்தான் படுத்திருந்தாய். மாதா கோயில் சாமியார் கடைசி ஜெபம் சொல்ல வந்தார். படுதாவுக்குக் கீழே அவருடைய கறுப்புச் சப்பாத்து தெரிந்தது. "சாமியே வந்துட்டாரா? அப்ப சரிதான்" என்றாய். பயமில்லாமல், சந்தைக்குக் கிளம்புகிறவளைப் போலத்தான் சொன்னாய்.

மறுநாள் காலையில் நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு சாண் நிறையக் கால்கள், சேறும் மழைத் தண்ணீருமாக. ஒன்றுகூட நகரவில்லை. நீ இருந்திருந்தால் ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாய். எனக்குச் சூசையம்மாவின் மெட்டியைத் தவிர எதுவும் அடையாளம் தெரியவில்லை.

இப்போதும் வண்டியை அவிழ்த்துவிட்டு உன் இடத்தில் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். ஏழெட்டுக் கால்கள் பழகிவிட்டன. பேர் சொல்லிக் கூப்பிடத்தான் வாய் வரவில்லை. அவர்களும் ஜன்னலருகில் வந்ததும் நடையை மெதுவாக்கி, பிறகு போய்விடுகிறார்கள்.

ஆனால் அந்தத் தபால்கார நடையை நான் விடவில்லை. தெருமுனை திரும்பியதும் இடது கால் தானாக இழுக்க ஆரம்பித்துவிடும். இன்றைக்குச் சாயங்காலமும் அப்படித்தான் வந்தேன். சூசையம்மா போட்ட கஞ்சியில் படுதா விறைத்து நின்றது. நகமில்லாத கட்டைவிரல் உள்ளே தெரியும்படி காலைக் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நானே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தேன்.