கால் முறிவுக்குச் சேர்த்தவர் டெங்குவில் இறந்தது குறித்து

அனுப்புநர்
இறந்தவரின் கணவர், தச்சர்,
மரக்கடை மாடி, பேருந்து நிலையத்தின் பின்புறம்.

பெறுநர்
சுகாதாரத் துறை இயக்குநர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: அரசு மருத்துவமனை எலும்பு முறிவுப் பெண்கள் வார்டில் உள்நோயாளிகளுக்கு டெங்கு பரவுவது – என் மனைவி இறந்தது – தேங்கிய நீரை அகற்றக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி தையல் வேலை செய்துவந்தார். மின்விசிறியைத் துடைக்க ஸ்டூலில் ஏறியவர் தவறி விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் சேர்த்தேன். காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, அறுவைக்குத் தேதி வரும்வரை அசையக் கூடாது என்றார்கள். மற்றபடி திடமாகவே இருந்தார். எதிர்க்கட்டில் பெண்ணின் நைட்டிக்குப் படுத்தபடியே பட்டன் தைத்துக் கொடுத்தார் என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

2. அந்த வாரம் காய்ச்சல் வார்டு நிரம்பிவிட்டதால், மிஞ்சிய டெங்கு நோயாளிகளை எங்கள் கட்டில்களுக்கு இடையே பாய் போட்டுப் படுக்கவைத்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. அவர்களுக்கும் போக்கிடம் இல்லை. கொசுவலை ஒருவருக்கும் கிடையாது. ஜன்னல் வலை கிழிந்து தொங்கியது. வெளியே உடைந்த கழிப்பறைக் கோப்பைகளும் கைகழுவும் தொட்டிகளும் குவிந்து கிடந்தன. எல்லாவற்றிலும் மழைத்தண்ணீர், தண்ணீரில் நெளியும் புழு. பட்டப்பகலில் கொசு கடித்தது. என் மனைவி கைக்கு எட்டியமட்டும் விசிறிக்கொண்டார். கட்டித் தொங்கவிட்ட கால் அவர் கைக்கு எட்டவில்லை.

3. நான் வலையும் ஆணியும் கொண்டுபோய், "நானே அடிச்சுத் தர்றேன் சிஸ்டர்" என்று கேட்டேன். செவிலியர், "எனக்கும் ஆசைதாண்ணே. ஆணி அடிச்சா கட்டடப் பிரிவுல என்னையத்தான் கேப்பாங்க" என்றார். கட்டடப் பிரிவில் போய்க் கேட்டேன். வார்டிலிருந்து எழுதி வந்தால்தான் வருவோம் என்றார்கள். வார்டில் எழுதிக் கொடுத்தார்கள். யாரும் வரவில்லை.

4. பிறகு மனைவிக்குக் கடும் காய்ச்சல் அடித்தது. எலும்பு முறிந்தவர்களுக்கு இப்படி வருவதுண்டு என்று ஊசி போட்டார்கள். கண்ணுக்குப் பின்னால் யாரோ பிடுங்குவதுபோல வலிக்கிறது என்றார். "ஏங்க, ஒடஞ்சது கால்தானே, கண்ணு எதுக்குங்க வலிக்குது?" என்று சிரிக்கப் பார்த்தார். மூட்டுக்கு மூட்டு வலி. கையிலும் மார்பிலும் சிவப்புத் தடிப்பு. அதைக் கவனித்த பயிற்சி மருத்துவர்தான் ரத்தம் எடுத்து அனுப்பினார். டெங்கு என்று வந்தது.

5. காய்ச்சல் இறங்கிய அன்று, அப்பாடா என்று வீட்டுக்குப் போய்க் குளித்தேன். இறங்கும்போதுதான் ஆபத்து என்று எனக்குத் தெரியாது. சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. திரும்பி வந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஈறில் ரத்தம். கைகால் சில்லென்று ஆகிவிட்டன. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துவிட்டன, ரத்த அழுத்தம் நிற்கவில்லை என்று சொன்ன அந்தப் பயிற்சி மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இடம் கேட்டுத் தானே ஓடினார். இடமும் கிடைத்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் மனைவி, "தைக்கக் குடுத்த துணியெல்லாம் அப்படியே கெடக்கு. கேட்டு வந்தா திருப்பிக் குடுத்துருங்க" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை. மறுநாள் காலை இறந்துவிட்டார்.

6. காரியங்கள் முடிந்ததும் மருத்துவமனைக் கண்காணிப்பாளரைப் பார்த்தேன். மரியாதையாக உட்காரச் சொன்னார். கொசு மருந்து அடித்தாயிற்று என்றார். அடித்தது உண்மைதான், புகை வார்டுக்குள் வந்து நோயாளிகள் இருமினார்கள். தண்ணீர் அப்படியே இருக்கிறது. அந்த உடைசல்கள் ஏலத்துக்கு வைத்தவையாம். ஏலம் முடியும்வரை எதையும் அசைக்கக் கூடாதென்று கம்பிக்கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். இதற்கிடையில் இடுப்பு முறிந்து சேர்ந்த ஓர் அம்மாவுக்கும், துணைக்கிருந்த அவர் மருமகளுக்கும், மேலே நான் சொன்ன செவிலியருக்கும் டெங்கு வந்துவிட்டது.

7. என் மகள் நிறைமாதமாக இருக்கிறாள். பிரசவ வார்டு அதே கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. தனியாரிடம் போக எங்களுக்கு வசதியில்லை. அம்மா இறந்த இடத்துக்குப் போகமாட்டேன் என்று அவள் அடம்பிடிப்பாள் என நினைத்திருந்தேன். "வேற எங்கப்பா போறது?" என்று மட்டும்தான் கேட்டாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஐயா, இந்த மனுவால் என் மனைவிக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நடவடிக்கை எடுப்பீர்கள் என்று நம்புவதாக எழுதி முடிக்கும்படி மனு எழுதத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். பொய் எழுத மனம் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். அந்தத் தண்ணீரைக் கொட்டச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் கதவையாவது திறந்துவிடச் சொல்லுங்கள். நானே கவிழ்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
தச்சர்

இடம்: மரக்கடை மாடி
நாள்: திங்கட்கிழமை, மழை